பாவித்த நாஸ் பெட்டியை மலிவாக வாங்குவது எப்படி: மட்டக்களப்பு வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலாக வாங்கிய நாஸ் பெட்டி, அதாவது வீட்டிலுள்ள போன், கணினி எல்லாம் பகிர்ந்து கோப்பு வைக்கிற ஹார்ட் டிஸ்க் பெட்டி, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சலாக வந்தது. விடியப்புறம் போய் எடுத்து, கல்லடிக்குக் கொண்டுவந்து, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் பிரித்தேன். பெட்டி வடிவாகத்தான் இருந்தது. ஒரு ஹார்ட் டிஸ்க் போட்டால் ஓடியது. இரண்டாவதைப் போட்டதும் தானாக நின்று, தானாகத் தொடங்கி, மறுபடி நின்றது. மூன்று நாள் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது: 12 வோல்ட், 2 அம்பியர். சிசிடிவி கமராவுக்குக் கொடுக்கிற சாமான். அந்தப் பெட்டிக்கு வரவேண்டியது 5 அம்பியர். விற்றவர் அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

சரியான அடாப்டர், வராத திருகாணிகள், தேய்ந்துபோன மின்விசிறி எல்லாவற்றையும் வாங்கி முடித்தபோது, கடையில் உத்தரவாதத்தோடு கிடைத்திருக்கக்கூடிய புதுப் பெட்டியின் விலையைத் தொட்டுவிட்டேன். அன்றிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது. விளம்பரத்தில் உள்ள விலையோடு, பெட்டியில் இல்லாத சாமான்களின் விலையைக் கூட்டுகிறேன். வந்த தொகையை, அந்தப் பெட்டிக்கு இன்னும் எத்தனை வருடம் அப்டேட் வரும் என்ற எண்ணால் வகுக்கிறேன். அந்தக் கணக்கில் குறைவாக வருவதைத்தான் கீழே மலிவு என்று சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு இது வேண்டுமா?

நாஸ் என்பது ஹார்ட் டிஸ்க் போடுவதற்கு இடமுள்ள சின்னக் கணினி. திரை இல்லை, விசைப்பலகை இல்லை. ரௌட்டரில் ஒரு லான் வயரைக் குத்திவிட்டால் வீட்டிலுள்ள போன், மடிக்கணினி, டிவி எல்லாம் அதில் எழுதலாம், வாசிக்கலாம். போன்களில் எடுக்கிற படம் தானாகவே அதில் போய்ச் சேர வைக்கலாம்.

ஒரே ஒரு மடிக்கணினியும் ஒரு போனும் உள்ள வீட்டுக்கு இது தேவையில்லை. இரண்டு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதமொருமுறை மாற்றி மாற்றிப் பிரதி எடுத்தால் போதும். சில ரௌட்டர்களில் பின்னால் யுஎஸ்பி துளை இருக்கும், அதில் டிஸ்க்கைச் செருகியும் பகிரலாம். மெதுவாக ஓடும், ஆனால் செலவில்லை. நாலைந்து போன் உள்ள வீடு, கலியாண வீடியோ எடுக்கிறவர், பத்து வருட வகுப்புப் பாடங்களைச் சேர்த்து வைத்திருக்கிற ரியூசன் ஆசிரியர் ஆகியோருக்குத்தான் இது உண்மையில் பயன்படும்.

எத்தனை டிஸ்க், எவ்வளவு இடம்?

விலை பார்க்குமுன் இதை ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் நான்கு போன்களின் பத்து வருடப் படங்கள் சேர்ந்தும் 1 டெராபைட்டைத் தாண்டவில்லை. வீடியோ எடுப்பவர் கதை வேறு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ மணிக்கு 45 கிகாபைட் தின்னும். இரண்டு கமராவில் ஒரு கலியாணத்தை ஐந்து மணிநேரம் எடுத்தால் 450 கிகாபைட்.

பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு டிஸ்க் பெட்டி சரி. இரண்டையும் ரெய்ட் 1 முறையில் கட்டினால் ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. இரண்டு 4 டெராபைட் டிஸ்க் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 4தான், 8 இல்லை. இதைக் கடையில் மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து சண்டை பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலிருந்தும் ஒரே நேரத்தில் அழியும் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ரெய்ட் ஒரு பிரதி ஆகாது.

நான்கு டிஸ்க் பெட்டி பாவித்தது மலிவாக வந்தால் கை துருதுருக்கும். பொறுங்கள். நான்கு டிஸ்க்குக்கும் காசு வேண்டும், கரண்டும் வேண்டும். இரண்டு டிஸ்க் பெட்டி ஓடும்போது சராசரி 15 வாட்ஸ் எடுக்கிறது என்று வைத்தாலே, நாள் முழுக்க ஓடினால் மாதம் 10.8 அலகு. நம் மின்பட்டியல் 60, 90, 120 என்று படி படியாக ஏறுவது. 85 அலகில் நிற்கிற வீடு இந்தப் பெட்டியால் 90ஐத் தாண்டினால் அடுத்த படிக்குப் போய்விடும். பெட்டியின் அமைப்பில், இரவு 12 மணிக்கு நின்று காலை 6 மணிக்குத் தொடங்கும்படி நேரம் போட்டுவிடலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வயதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். பெட்டி இரும்பும் பிளாஸ்டிக்கும்தான், பத்து வருடம் கூட ஓடும். அதற்கு அப்டேட் வருவது அதற்கு முன்பே நின்றுவிடும். அப்டேட் நின்ற பெட்டியை இணையத்தோடு இணைத்து வைப்பது வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

சினாலஜி என்ற கொம்பனியின் பெட்டிகளில் வயது பெயரிலேயே இருக்கிறது. டிஎஸ்218ஜே என்றால் முதல் எண் 2, இரண்டு டிஸ்க். அடுத்த 18, 2018ஆம் ஆண்டு வரிசை. கடைசியில் வரும் ஜே அடிமட்ட ரகம், கூட்டல் குறி பலமான ரகம். ஒரு சின்னக் குழப்பம்: டிஎஸ்718+ என்பதிலும் இரண்டு டிஸ்க்தான். அந்த 7, கூடுதல் பெட்டி இணைத்தால் போடக்கூடிய மொத்த எண்ணிக்கை. விளம்பரத்தில் 'ஏழு டிஸ்க் போடலாம்' என்று எழுதியிருந்தால் படத்தை எண்ணிப் பாருங்கள்.

சினாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம்மின் 6.2 பதிப்புக்கு 2024 ஒக்டோபரோடு ஆதரவு முடிந்தது. 12 அல்லது அதற்குக் குறைந்த எண் கொண்ட பெட்டிகள் அதற்கு மேல் போகாது. 13, 14, 15 வரிசைகளில் பெரும்பாலானவை 7.1 உடன் நின்றுவிட்டன. ஆகவே என் கோடு 18. அதற்குக் கீழே யாராவது சும்மா தந்தாலொழிய நான் தொடுவதில்லை. டிஎஸ்218, டிஎஸ்218+, டிஎஸ்220+, டிஎஸ்223ஜே ஆகியவை வீட்டுக்குப் போதும். டிஎஸ்218ஜே, டிஎஸ்220ஜே இரண்டிலும் நினைவகம் 512 மெகாபைட்தான், அதைக் கூட்டவும் முடியாது. கோப்பு வைத்து எடுக்கப் போதும். ஆயிரக்கணக்கான படங்களை முகம் பார்த்துப் பிரிக்கச் சொன்னால் மூச்சு வாங்கும்.

மலிவாகக் கிடைத்தாலும் விலகிப் போகவேண்டிய சில:

வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ். கடைசி அப்டேட் 2015இல் வந்தது. 2021 ஜூனில் உலகெங்கும் பலருடைய பெட்டிகள், வீட்டில் யாரும் கைவைக்காமலே, வெளியிலிருந்து வந்த கட்டளையால் துடைக்கப்பட்டன. அதே கொம்பனியின் மை கிளவுட் பெட்டிகளில் பழைய ஓஎஸ் 3 மட்டும் ஏற்பவற்றுக்கு 2022 ஏப்ரலில் ஆதரவு நின்றது.

டி-லிங்க் டிஎன்எஸ்-320எல், 325, 327எல், 340எல். 2024 ஏப்ரலில் இவற்றில் பெரிய ஓட்டை ஒன்று வெளிவந்தது. இவை காலம் முடிந்தவை, திருத்தம் வராது, மாற்றிவிடுங்கள் என்று கொம்பனியே சொல்லிவிட்டது.

சினாலஜி டிஎஸ்415+, டிஎஸ்1515+, டிஎஸ்1815+. இவற்றில் உள்ள இன்டெல் ஆட்டம் சி2000 வகைச் சிப்பில் பிறவிக் குறை இருப்பது 2017இல் வெளிவந்தது. ஒரு நாள் நிறுத்திவிட்டுப் போட்டால் எழும்பாது. சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் சூட்டுக்கோலால் (சோல்டரிங் அயன்) ஒட்டி எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குச் சூட்டுக்கோல் பழக்கம் இருந்தால் அது உங்கள் இஷ்டம்.

இன்னும் பழைய பெட்டிகளில் வேறொரு தலைவலி. அவை எஸ்எம்பி 1 என்ற பழைய மொழியில் மட்டும் பேசும். 2017 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 அந்த மொழியை இயல்பாகவே மூடி வைத்திருக்கிறது. பெட்டி ஓடும், கணினிக்குத் தெரியாது. விற்பவர் 'உங்கட கணினியில்தான் பிழை' என்பார்.

கியூநாப் என்ற கொம்பனியின் பெட்டிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. அதே விலைக்குப் பலம் கூடியவை கிடைக்கும். ஆனால் 2021 ஏப்ரலில் கியூலொக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று இரண்டு கப்பத் தாக்குதல்கள் அவற்றையே குறிவைத்தன. கோப்புகளைப் பூட்டிவிட்டு பிட்கொயின் கேட்டார்கள். மாட்டியவை இணையத்துக்கு நேரே திறந்து வைத்த பெட்டிகள். வீட்டுக்குள்ளேயே வைத்துப் பாவித்தால் பயமில்லை.

புதிதாக வாங்குபவருக்கு ஒரு சொல். சினாலஜி 2025இல் வெளியிட்ட கூட்டல்குறி ரகங்கள் முதலில் அவர்கள் அங்கீகரித்த டிஸ்க்குகளையே கேட்டன. ஆட்கள் போட்ட சத்தத்தில், அந்த வருட ஒக்டோபரில் வந்த டிஎஸ்எம் 7.3இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். பழைய பதிப்போடு வந்த பெட்டியென்றால் முதலில் அப்டேட் செய்துவிட்டு டிஸ்க்கோடு மல்லுக்கட்டுங்கள்.

எங்கே தேடுவது?

உண்மையைச் சொன்னால், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கணினிக் கடைக்குள் போய் 'நாஸ் இருக்கா' என்றால் பெரும்பாலும் 'எடுத்துத் தரலாம்' என்ற பதில்தான் வரும். எடுத்துத் தருவது கொழும்பிலிருந்து. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் புதியவை கிடைக்கும். பாவித்தவை இக்மன், பேஸ்புக் சந்தை இரண்டிலும் அவ்வப்போது தலைகாட்டும். 'நாஸ்' என்று மட்டும் தேடாதீர்கள். விற்பவருக்கே அது என்னவென்று தெரியாமல் 'நெட்வேர்க் ஹார்ட்', 'சேர்வர் பெட்டி', 'பேக்கப் மெஷின்' என்று போட்டிருப்பார். அப்படித் தெரியாமல் போட்டவைதான் உண்மையில் மலிவு. பிராண்டின் பெயரை ஆங்கிலத்தில் பிழையான எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள்.

அடுத்த வழி நம் ஊருக்கே உரியது. லண்டனிலோ சுவிஸிலோ ஒருவர் இல்லாத வீடு இங்கே குறைவு. அங்கே அலுவலகங்கள் மூன்று நான்கு வருடத்தில் பெட்டியை மாற்றுவதால் பாவித்தவை நிறைய வரும். ஆடி, ஆவணியில் விடுமுறைக்கு வருபவர்களிடம் வைகாசியிலேயே சொல்லிவையுங்கள். லண்டன் பெட்டியின் மூன்று கால் பிளக் நம் 13 அம்பியர் துளையில் நேரே போகும், மற்ற நாட்டுடையதற்கு ஒரு வயரை மாற்றினால் முடிந்தது. டிஸ்க் இல்லாத வெறும் பெட்டியை மட்டும் கேளுங்கள். பயணப்பெட்டியில் எறிபட்டு வந்த டிஸ்க்கை நான் நம்பமாட்டேன். உத்தரவாதமும் இங்கே செல்லாமல் போகலாம்.

மூன்றாவது வழி, அலுவலகத்தில் கழித்துவிட்ட மேசைக் கணினி. டெல், எச்பி சின்ன மேசைக் கணினிகள் நம் ஊர்க் கடைகளிலேயே குவிந்து கிடக்கின்றன. அதில் ஓபன்மீடியாவால்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் அது நாஸ்தான். அப்டேட் ஒரு கொம்பனியின் தயவில் இல்லை. வாங்குமுன் மூடியைத் திறந்து, 3.5 அங்குல டிஸ்க் இரண்டு வைக்க இடமும் கரண்ட் வயரும் இருக்கிறதா என்று பாருங்கள். மிகச் சின்ன ரகங்களில் இருக்காது. கரண்ட் கொஞ்சம் கூட எடுக்கும், லினக்ஸ் கொஞ்சம் படிக்க வேண்டும். படிக்கப் பொறுமை இருந்தால் என் வருடக் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் மலிவு.

காசு அனுப்புமுன்

வாட்ஸ்அப்பில் நாலு படம் கேளுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல், தொடர் எண் தாள். அடாப்டரின் எழுத்து வாசிக்கத்தக்க படம். பின்பக்கத் துளைகள் கிட்டத்தில். டிஸ்க் வைக்கும் தட்டுகள் வெளியே எடுத்தபடி.

தட்டு இல்லாத பெட்டி என்றால் அங்கேயே நிறுத்தலாம். டிஎஸ்218+, டிஎஸ்220+ போன்றவற்றில் டிஸ்க் ஒவ்வொன்றும் முன்னாலிருந்து இழுக்கும் பிளாஸ்டிக் தட்டில் இருக்கும். தட்டைத் தனியே தேடி வாங்குவது இங்கே பெரிய அலைச்சல். ஜே ரகங்களில் தட்டே கிடையாது, மூடியைக் கழற்றி உள்ளே திருகாணியால் பூட்டுவது. ஆகவே அதில் தட்டு எங்கே என்று கேட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம்.

விலைக்கு என் அளவுகோல்: அதே ரகத்தின் இன்றைய புதுப் பெட்டி விலையைக் கண்டுபிடியுங்கள். தட்டு, அடாப்டர் எல்லாம் சரியாக உள்ள நான்கு வருடத்துக்கு உட்பட்ட பெட்டிக்குப் பாதி. ஏழு வருடம் கடந்ததற்கு மூன்றில் ஒன்று. அடாப்டர் இல்லையென்றால் அதன் விலையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். கூரியரில் எடுப்பதென்றால் பொருளைக் கையில் வாங்கிக் காசு கொடுக்கும் முறையையே கேளுங்கள். 'இன்றைக்கே முற்பணம் போடாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்' என்றால், போகட்டும்.

மேசையில் வைத்துச் சோதிப்பது

நேரில் பார்க்கப் போகும்போது பையில் இருக்க வேண்டியவை: வெறுமையான பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று, மடிக்கணினி, லான் வயர் இரண்டு, திருகாணிச் சாவி, முடிந்தால் ஒரு சின்ன ரௌட்டர். பழைய டிஸ்க் ஏன் என்றால், சினாலஜியின் இயங்குதளம் டிஸ்க்கில்தான் ஏறும். டிஸ்க் இல்லாத பெட்டியில் விளக்கு எரிவதைக் காட்டி 'ஓடுது பாருங்கோ' என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. மாடலுக்குரிய நிறுவற்கோப்பைச் சினாலஜியின் தளத்திலிருந்து வீட்டிலேயே இறக்கி எடுத்துப் போங்கள். அடுத்தவர் வீட்டு டேட்டாவில் நூற்றுக்கணக்கான மெகாபைட் இறக்குவது அவ்வளவு மரியாதையில்லை.

முதலில் கண்ணும் மூக்கும். கடற்கரையோரம் இருந்த பெட்டி என்றால் திருகாணிகளின் தலை பழுப்பேறியிருக்கும், அலுமினியத் தகட்டில் வெள்ளைத் தூள் பூத்திருக்கும். லான் துளைக்குள் போன் விளக்கை அடித்துப் பாருங்கள். எட்டுக் கம்பிகளும் பொன்னிறமாக இருக்க வேண்டும். பச்சை படர்ந்திருந்தால் உப்புக்காற்று உள்ளே போய்விட்டது, உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகையிலும் அதே நிலைதான். நாவலடிப் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்த பெட்டி வெளியே துடைத்துப் புதிதுபோல் இருந்தது. துளைக்குள் பாசி. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து அடாப்டர். இரண்டு டிஸ்க் சினாலஜி பெட்டிகளுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட், 5 அம்பியர். ஏன் இவ்வளவு என்றால், 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நொடிகளில் மட்டும் 2 அம்பியர் வரை இழுக்கும். ஓடத் தொடங்கியபின் அதில் கால்வாசி போதும். என் 2 அம்பியர் அடாப்டர் ஒரு டிஸ்க்கைத் தூக்கியதும் இரண்டாவதில் விழுந்ததும் இதனால்தான்.

இப்போது டிஸ்க் இல்லாமல் போடுங்கள். மின்விசிறி சுழல வேண்டும், கரகரக்கக் கூடாது. சற்று நேரத்தில் ஒரு 'பீப்' வரும். கரண்ட் விளக்கு நீலத்தில் மின்னிக்கொண்டே இருந்து பீப் வரவேயில்லை என்றால் பலகை போய்விட்டது. மூடிவையுங்கள்.

பீப் வந்தால் நிறுத்தி, உங்கள் பழைய டிஸ்க்கை முதல் இடத்தில் போட்டு, லான் வயரை இணைத்து மறுபடி போடுங்கள். மடிக்கணினி உலாவியில் பெட்டியின் முகவரியைத் திறந்து இயங்குதளத்தை ஏற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். அந்த நேரம் விற்பவரோடு கதையுங்கள், பெட்டி எங்கே இருந்தது, ஏன் விற்கிறார் என்பதெல்லாம் தானாக வரும். ஏறியதும் நிறுத்தி, அதே டிஸ்க்கை இரண்டாம் இடத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் செத்த பெட்டிகள்தான் 'ஒரு டிஸ்க் போட்டு ஓட்டிக் காட்டி' விற்கப்படுகின்றன.

பிறகு 5 கிகாபைட் அளவுள்ள ஒரே வீடியோவை அனுப்பி வேகத்தைப் பாருங்கள். கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் வரலாம். பழைய டிஸ்க் என்றால் 60, 70 வந்தாலும் சரி. சரியாக 11இல் ஒட்டிக்கொண்டு நின்றால் எங்கோ 100 மெகாபிட் இணைப்பு இருக்கிறது என்று பொருள். உடனே பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். வயரை மாற்றுங்கள், ரௌட்டரின் துளையையும் பாருங்கள். வீட்டு ரௌட்டர்கள் பலவற்றில் துளையே 100 மெகாபிட்தான். வயரைப் பெட்டிக்கும் மடிக்கணினிக்கும் நேரே குத்திப் பார்த்தும் 11 என்றால் அப்போது விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

எல்லாம் சரியென்றால், பின்னால் உள்ள மீட்டமைப்புப் பொத்தானையும் ஊசியால் அழுத்திப் பார்த்துவிடுங்கள். நான்கு நொடி அழுத்தினால் பீப் வரும். கடவுச்சொல் தெரியாத பெட்டியை மீட்க அதுதான் வழி.

டிஸ்க் மட்டும் புதிதாக

பெட்டியைப் பாவித்தது வாங்குங்கள், டிஸ்க்கைப் புதிது வாங்குங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

புதிதிலும் ஒரு பொறி இருக்கிறது. எஸ்எம்ஆர் என்ற வகை டிஸ்க்கில் பதிவுத் தடங்கள் கூரைக்கு ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றால் மேலே உள்ளவற்றையும் கழற்றி அடுக்க வேண்டும். கோப்பைப் போட்டு வைக்க மட்டுமென்றால் சரி. ரெய்டில் ஒரு டிஸ்க் செத்து, புதிதில் எல்லாவற்றையும் மறுபடி எழுதும்போது நாட்கணக்கில் இழுக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சிலவற்றை இப்படிச் சொல்லாமல் விற்றது 2020இல் அம்பலமாகிப் பெரிய சண்டையானது. இன்று அந்த வரிசையில் ரெட் பிளஸ் என்று இருந்தால் ஓடு வேயாத வகை. சீகேட்டில் அயன்வுல்ஃப் சரி. அதே சீகேட்டின் பராகுடா மேசைக் கணினி டிஸ்க்குகள் பல, எஸ்எம்ஆர். கடையில் பராகுடாதான் மலிவாக முன்னால் அடுக்கியிருக்கும்.

ரெட் பிளஸ், அயன்வுல்ஃப் இரண்டும் இங்கே கிடைக்கவில்லை என்றால் சிசிடிவிக் கடைக்குப் போங்கள். காத்தான்குடியிலும் கல்முனையிலும் கமரா பூட்டுகிற கடைகள் நிறைய. அங்கே உள்ள வெஸ்டர்ன் டிஜிட்டல் பேர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் டிஸ்க்குகள் இருபத்துநாலு மணிநேரமும் ஓடுவதற்கென்றே செய்தவை. வீட்டுப் பாவனைக்கு நான் அதைத்தான் போட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒரே தொகுதியில் வந்தவை ஒரே காலத்தில் சாகும் பழக்கம் உண்டு.

2025 தொடக்கத்தில், பல்லாயிரம் மணிநேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் ஓடிய மணிநேரக் கணக்கு துடைக்கப்பட்டுப் புதிதென்று விற்கப்பட்டது ஐரோப்பாவில் பிடிபட்டது. ஆகவே வாங்கிய அன்றே தொடர் எண்ணை உற்பத்தியாளரின் உத்தரவாதப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். உத்தரவாதம் ஏற்கெனவே பாதி ஓடிவிட்டிருந்தால் அடுத்த நாள் காலையே கடைக்குப் போங்கள், பில்லோடு.

வைக்கும் இடம்

ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது தகரக் கூரை வீட்டில் மூலையில் அடைத்து வைத்தால் டிஸ்க் வெந்துவிடும். கடலைப் பார்த்த யன்னலருகிலும் வேண்டாம், உப்பு. தரையில் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் வெள்ளம் எந்த உயரம் வரை வரும் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும், சுவரில் கறையே இருக்கும். அதற்கு மேலே, காற்றோட்டமுள்ள தட்டில் வையுங்கள்.

கரண்ட் போய் வருவதுதான் நாஸைக் கொல்வது. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை வெட்டிய காலத்தில் நான் யூபிஎஸ் இல்லாமல் ஒரு டிஸ்க்கைப் பறிகொடுத்தேன். 650 விஏ யூபிஎஸ் போதும், ஆனால் பின்னால் யுஎஸ்பி துளை உள்ளதாகப் பாருங்கள். அந்த வயரைப் பெட்டியில் குத்தினால் பற்றரி இறங்குமுன் பெட்டி தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும். உங்கள் பெட்டியின் ஆதரவுப் பட்டியலில் அந்த யூபிஎஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒக்டோபரில் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, லான் வயரையும் கழற்றுங்கள். செப்புத் தொலைபேசிக் கம்பி வழியே ரௌட்டருக்கு வந்த மின்னல் லான் வயரில் ஓடிப் பெட்டிக்கும் போகும். பைபர் இணைப்புக்காரருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

முதல் நாள்

இது சுருக்கம். முந்திய ஆளின் கணக்கு எதுவும் மிஞ்சாமல் புதிதாக ஏற்றுங்கள். 'அட்மின்' என்ற பெயரை முடக்கி வேறு பெயர் வையுங்கள். அப்டேட்டைத் தானியங்கி ஆக்குங்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்று ரௌட்டரின் அமைப்பில் இணையத்திலிருந்து உள்ளே வரும் வழியை (போர்ட்) திறக்காதீர்கள். கியூலொக்கர் அப்படித் திறந்த வீடுகளுக்குள்தான் நுழைந்தது. 4ஜி வீட்டு இணைப்பென்றால் திறந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யாது. உங்கள் கருவிகளை மட்டும் தனி வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒரு மென்பொருளைப் பெட்டியிலும் போனிலும் போட்டால் கட்டாரில் இருக்கிற தம்பியும் வீட்டில் இருப்பது போலப் படம் பார்ப்பான்.

இரண்டாவது பிரதி

பெட்டியின் யுஎஸ்பி துளையில் ஒரு டிஸ்க்கைக் குத்தி, வாரமொருமுறை பிரதி எடுக்க வையுங்கள். அந்த டிஸ்க் வீட்டிலேயே இருக்கக் கூடாது. பழைய டிஸ்க் பாவிக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான், அதுவும் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்து, மாற்றப்பட்ட பகுதிகள், காத்திருக்கும் பகுதிகள் இரண்டும் பூச்சியமாக இருந்தால்.

நான் முதலில் அந்த டிஸ்க்கைக் கல்முனையில் உள்ள அக்கா வீட்டில் வைத்தேன். அம்மாதான் கேட்டா: "மனே, அதுவும் கடற்கரைதானே?" 2004 டிசம்பர் 26இல் கல்லடியிலும் கல்முனையிலும் ஒரே காலைப்பொழுதில் தண்ணீர் வந்தது. அம்மாவின் கலியாண அல்பம் அன்றுதான் போனது. இப்போது எங்களிடம் இருக்கும் ஒரே படம், லண்டன் சித்திக்கு எப்போதோ தபாலில் அனுப்பிய ஒன்றின் ஸ்கேன்.

இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று இங்கே, ஒன்று அம்பாறை நகரில் வேலை செய்யும் மச்சானின் அலுமாரியில். மாதத்தில் முதல் சனி அவர் வரும்போது மாற்றிக்கொள்கிறோம். டிஸ்க்கில் திகதி எழுதிய தாள் ஒட்டியிருக்கும். கொண்டுபோனதும் மச்சான் தன் மடிக்கணினியில் குத்தி, கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கோப்பைத் திறந்து பார்ப்பார். போன தடவை 2016 மாமாங்கத் திருவிழாக் கோப்புறையில் மூன்று வீடியோ திறக்கவில்லை. பெட்டியில் இருந்தவை சரியாகவே ஓடின. யுஎஸ்பி வயர் தளர்ந்திருந்தது. வயரை மாற்றி, பிரதியை முழுதாக மறுபடி எடுத்து, அடுத்த சனி பஸ்ஸில் போகிறவரிடம் கொடுத்துவிட்டேன்.